பணியிடத்தை இனிமையாக்குதல் தொடர்பாக

ஏப்ரல் 1, செவ்வாய்

ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, மனதில் இருப்பதைத் தினமும் எழுதிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் இந்த நோட்டு. முப்பத்து மூன்று வருடமாகப் பிறர் எழுதியதைத் திருத்தியே பழக்கப்பட்டவள் நான். எழுதினால் அழுத்தம் இறங்குமா ஏறுமா என்பது போகப் போகத்தான் தெரியும்.

முதல் நாளே ஏறுவதற்கு வழி பிறந்துவிட்டது. காலைத் தபாலில் ஆறு பக்கச் சுற்றறிக்கை. பொருள்: பணியாளர்கள் மகிழ்ச்சியுடன் பணிபுரியும் வகையில் அலுவலகச் சூழலை இனிமையாக்குதல் தொடர்பாக. முப்பதாம் தேதிக்குள் புகைப்படங்களுடன் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். தேதியைப் பார்த்தேன், ஏப்ரல் ஒன்று. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது.

உதவி இயக்குநர் கௌதமன் உள்ளே கூப்பிட்டார். முப்பத்து நாலு வயது, நேரடியாகத் தேர்வெழுதி அதிகாரியாக வந்தவர். நல்ல பையன்தான். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மேடம், ரெண்டு வருஷத்துல இந்த ஆபீஸ்ல இருந்து நாலு பேர் மாறுதல் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நாலு பேருமே லேடீஸ். மண்டல அலுவலகத்துல என்னையத்தான் கேக்குறாங்க. இப்ப பாருங்க, அஞ்சாவது."

நீட்டினார். மாறுதல் கோரும் விண்ணப்பம். பிருந்தா, இளநிலை உதவியாளர். கேட்டிருக்கும் இடம் எழுபது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட கிளை அலுவலகம். இரண்டு பஸ் மாற வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் இருக்கிறது.

"முப்பதாம் தேதிக்குள்ள கண்காணிப்பாளர்ங்கிற முறையில உங்க குறிப்போட இதையும் அனுப்பணும். அதுக்குள்ள ஆபீஸைக் கொஞ்சம் நல்லா ஆக்கி, எப்படியாவது அவங்களை இருக்க வைங்க மேடம்."

பிருந்தாவை நான் விட முடியாது. அலுவலகத்தில் நான் சிவப்பு மையைத் தொடாமல் அனுப்பும் வரைவு அவளுடையது மட்டும்தான். அடுத்த ஜூனில் நான் ஓய்வு பெறும்போது என் பிரிவை அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

ஏப்ரல் 2, புதன்

பிருந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சொந்தக் காரணம்னா என்ன? வீட்டுக்காரருக்கு அங்க வேலையா?"

"இல்லைங்க மேடம்."

"பிள்ளை படிப்பா?"

"பாப்பா இங்கதான் படிக்கிறா மேடம்."

"அப்புறம் எதுக்கு அந்தக் காட்டுக்குப் போற? ஃபேன் கூட ஓடாது அங்க."

"பரவால்ல மேடம்."

பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லித் தருவதில்லையா? போகச் சொன்னேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கப்படி கருத்துப் பெட்டி வைத்தாயிற்று. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குக் கலர் தாள் ஒட்டி, மேலே ஓட்டை போட்டது. அலுவலக உதவியாளர் ரத்தினசாமி ஒட்டினார். ஒரு பக்கம் செருப்புக் கம்பெனி பெயர் இன்னும் தெரிகிறது. பெயர் போட வேண்டாம், மனதில் பட்டதை எழுதிப் போடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பெட்டியைத் திறந்தேன். பதினோரு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்பது சீட்டு. பெயர் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவர் கையெழுத்தையும் தினமும் திருத்துகிறவள் நான். 'நாற்காலி முதுகைக் கடிக்கிறது' என்பது உதவியாளர் பாண்டியராஜ். 'பேன் சத்தம் போடுகிறது' என்று ஃபேனைப் பேனாக்கியதும் அவர்தான், இரண்டாவது சீட்டு. 'மதியம் பாட்டு போடலாம்' என்பது ரத்தினசாமி. ஆண்கள் எல்லாம் ஏதாவது கேட்டிருக்கிறார்கள்.

பெண்கள் ஐந்து பேர். மூன்று பேர் எழுதியது ஒரே வாசகம், 'எல்லாம் நன்றாக உள்ளது.' தட்டச்சர் எஸ்தர் கெட்டிக்காரி, கையெழுத்தே வேண்டாமென்று கணினியில் அடித்துப் போட்டிருக்கிறாள், 'குறை ஒன்றும் இல்லை.' இந்த அலுவலகத்தில் அந்த எழுத்துருவை அவள் ஒருத்திதான் பயன்படுத்துகிறாள். பிருந்தா எழுதவே இல்லை.

பிழை இருந்த சீட்டுகளைத் திருத்தி வைத்தேன். கை தானாகப் போகிறது.

வீட்டில் இதைச் சொன்னால் இவர் சிரிக்கிறார். "நம்ம வீட்டுலயும் ஒரு பெட்டி வைப்போமா வல்லி? நானும் எழுத்துருல அடிச்சே போடுறேன்." ஓய்வுபெற்ற பிறகு இவருக்கு வேடிக்கை அதிகமாகிவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

அறிக்கையின் முதல் பகுதியை எழுதினேன். 'ஏற்கெனவே சிறப்பாக உள்ளவை' என்று ஒரு தலைப்பு. அதில் முதலாவதாகப் பெண்கள் கழிவறையைப் போட்டேன்.

போடாமல் எப்படி? அதைக் கட்ட வைத்தவளே நான். 1992இல் வேலையில் சேர்ந்தபோது இந்த அலுவலகத்தில் பெண்களுக்கென்று ஒன்று கிடையாது. ஒன்பது வருடம் கடிதம் எழுதினேன். நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, நேர்முகக் கடிதம். 2001இல் கட்டினார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் வெளியாட்கள் புகுந்து குழாயைத் திருகிக்கொண்டு போனார்கள். நம் பெண்களும் உள்ளே போனால் அரை மணி நேரம் அரட்டை. அன்றைக்கே பூட்டு போட்டேன். சாவி என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில். மேசை மூலையில் ஒரு பதிவேடு. பெயர், எடுத்த நேரம், வைத்த நேரம், கையொப்பம். ஆண்கள் பக்கம் பூட்டு கிடையாது, அங்கே திருட ஒன்றும் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டு பதிவு இருந்தது. இப்போது மூன்றோ நாலோதான். கட்டுப்பாடு என்றால் இதுதான். தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது. அறிக்கையில் எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

பிருந்தா வரவில்லை. மூன்று நாள் மருத்துவ விடுப்பு. அவள் வீட்டுக்காரர் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். சிறுநீர்ப் பாதைத் தொற்று. விடுப்புப் பதிவேட்டைப் பார்த்தேன், இந்த ஒரு வருடத்தில் இது மூன்றாவது தடவை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கீழே எழுதியிருக்கிறார்.

இதற்கு டாக்டர் வேண்டுமா? இந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் பாட்டில் நிறையக் கொண்டுவருகிறார்கள், சாயங்காலம் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதற்குத்தான் சுமக்கிறார்களோ தெரியவில்லை. நாற்காலி, பெயிண்ட் எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீர்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெரிய மண்பானை, மணல் பரப்பி அதன்மேல். உள்ளே வெட்டிவேர். பளபளவென்று ஆறு டம்ளர். பெண்கள் உட்காரும் பக்கத்திலேயே வைத்தாயிற்று, எழுந்து நடக்கக் கூட வேண்டாம். ரத்தினசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இம்புட்டுப் பெரிய பானை எதுக்கு? இவுங்க குடிக்கவா போறாக?" என்றார். அபசகுனமாகப் பேசாதீர்கள் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பானை நிறைந்தே இருக்கிறது. வருஷப் பிறப்பு விடுமுறை முடிந்து வந்திருக்கிறார்கள், வெயில் கொளுத்துகிறது, ஆண்கள் அந்தக் கோடியிலிருந்து வந்து மொண்டு மொண்டு குடிக்கிறார்கள். பெண்களில் ஒருத்தி டம்ளரைத் தொடவில்லை. எஸ்தர் உதட்டை நனைத்துக்கொண்டு மீதியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிருந்தா வந்துவிட்டாள். முகம் வெளுத்திருக்கிறது. "தண்ணி குடி" என்றேன். "குடிக்கிறேன் மேடம்" என்றாள். குடிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆணை போட்டால்தான் கேட்பார்கள். காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் தண்ணீர் மணி. ரத்தினசாமி மணி அடிப்பார், எல்லோரும் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். அலுவலக ஆணையாகவே எழுதிச் சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதினொரு மணிக்கு மணி அடித்தது. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று பாண்டியராஜ் சிரித்தார். எஸ்தர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினாள். மூன்று மணிக்கும் அதே தொட்டி. என் கையால் தண்ணீர் குடித்தால் விஷம் ஏறிவிடுமா? ஒரு மனுஷி இவர்களுக்காக இவ்வளவு பாடுபடுகிறாளே என்ற எண்ணம் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? மாத்திரையை இன்று இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 17, வியாழன்

மதியம் மூன்றே கால் இருக்கும். பிருந்தா எழுந்து என் மேசைப் பக்கம் வந்தாள். அப்போது கட்டிடப் பராமரிப்பிலிருந்து வந்த இரண்டு ஆட்கள் பெயிண்ட் கலர் அட்டையை என் மேசையில் விரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் பாதியில் நின்றாள். திரும்பிப் போய்விட்டாள். அவர்கள் போக நாலேகால் ஆயிற்று. "என்ன பிருந்தா, எதுக்கு வந்தே?" என்று இங்கிருந்தே கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல மேடம்."

எதற்கு எழுந்து வந்தோம் என்பது கூட இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மறந்துவிடுகிறது. சுவருக்கு இளம்பச்சை முடிவு செய்தோம்.

ஏப்ரல் 21, திங்கள்

பெயிண்ட் முடிந்தது. நாற்காலி வந்தது. மேசைக்கு மேசை மணிபிளான்ட். மூன்று மணிக்கு அறிக்கைக்காகப் புகைப்படம். சிரியுங்கள், சிரியுங்கள் என்று உதவி இயக்குநர் செல்போனைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். ஆண்கள் பல்லைக் காட்டுகிறார்கள். பெண்கள் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பது போல நிற்கிறார்கள். ஏழு தடவை எடுத்தும் ஒரு படம் தேறவில்லை. பிருந்தா நடுவில் உட்கார்ந்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "மறுபடியுமா?" என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். அவள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது.

இனி என்னதான் செய்வது இந்த ஜென்மங்களுக்கு?

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினொரு மணி தண்ணீர் மணிக்கு நானே எழுந்து போய்ப் பானை மூடியைத் திறந்தேன். காலையில் ஊற்றியது ஊற்றியபடி. எனக்கு வந்ததே கோபம். ரத்தினசாமியைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

"ஏன் ரத்தினசாமி, இந்தத் தண்ணில என்ன குறை? நாறுதா? புழு கிடக்கா? ஏன் ஒருத்தியும் குடிக்க மாட்டேங்கிறா?"

அவருக்கு அடுத்த மாதம் ஓய்வு. அந்தத் தைரியமோ, பானை தூக்கிய இடுப்பு வலியோ, அவர் என்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"குடிச்சா எங்கிட்டுப் போவாக மேடம்? நீங்கதான் சாவிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீகளே!"

அலுவலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் சத்தம் கூட இல்லை, புது ஃபேன். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கோப்பு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டேன். என்ன கோப்பு என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஒழுங்கீனமாகப் பேசியதற்கு ரத்தினசாமிக்குக் குறிப்பாணை கொடுக்க வேண்டும். நாளை எழுத வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

குறிப்பாணை எழுதவில்லை. மேசை மூலையில் இருந்த பதிவேட்டை எடுத்துப் படித்தேன். ஆறு வருடமாகப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை கூடச் சேர்த்துப் படித்ததில்லை.

பதிவேட்டைப் படிக்க எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பு. மாறுதலாகிப் போன நாலு பேரின் பெயரும் இருக்கிறது. முதலில் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. அப்புறம் இரண்டு. அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், ஐந்து பேராகச் சேர்ந்து. அப்புறம் பெயரே இல்லை, அடுத்த மாதம் மாறுதல். ஒவ்வொருத்திக்கும் அதே வரிசை. பிருந்தா பெயர் பிப்ரவரியில் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. மார்ச்சில் நாலு. ஏப்ரலில் ஒன்றும் இல்லை. பக்க ஓரத்தில் என் கையெழுத்தில், சிவப்பு மையில் குறிப்புகள். 'இருபது நிமிடம், ஏன்?' 'இன்று மூன்றாவது முறை.' நான்தான் எழுதியிருக்கிறேன்.

இவளுக்கு மூன்று தடவை வந்த நோய் எனக்குத் தெரியாத நோயா? எனக்கும் வந்ததுதானே? கழிவறை கட்டாத அந்த ஒன்பது வருடத்தில், முதலில் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீச்சர் வீட்டுக்குத்தான் போவேன். நாலு நாள் பேசாமல் இருந்தார்கள். ஐந்தாம் நாள் அந்த வீட்டு மாமியார் வாசல்படியில் நின்று, "இன்னைக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அத்தோடு நான் போவதை விட்டேன். காலை ஏழு மணிக்குக் குடிக்கும் காப்பிதான், சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வரும்வரை ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. இருபத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். அதைத்தான் கடிதத்தில் எழுதினேன். 'பெண் பணியாளர்கள் நீர் அருந்த அஞ்சும் நிலை உள்ளது' என்று எழுதினேன். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கட்டிடமே கொடுத்தார்கள்.

பண்ணிக்கொடுத்தது நான் என்ற ஒரே திமிரில் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது. எழுதினால் அழுத்தம் இறங்கும் என்று சொன்ன டாக்டரை நேரில் பார்த்தால் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

ஒன்பது மணிக்கே போய்ப் பூட்டைக் கழற்றி ரத்தினசாமியிடம் கொடுத்தேன். உள்ளே ஒரு நல்ல தாழ்ப்பாள் போடச் சொன்னேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், 'இப்பதிவேடு இன்றுடன் முடிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெண்களிடம், "இனி யாரும் என்னையக் கேக்க வேணாம்" என்றேன். ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள்.

பன்னிரண்டு மணி வரை ஒருத்தி அசையவில்லை. ஏதோ சோதனை வைக்கிறேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கடைசியில் நான் எழுந்து உதவி இயக்குநர் அறைக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துகொண்டேன். "என்ன மேடம் விஷயம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். வெளியே வந்தபோது எஸ்தரும் இன்னொருத்தியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பானையில் பாதித் தண்ணீர். பிருந்தாவின் பாட்டிலும் காலி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனி அவள் எதற்குப் போகப் போகிறாள்? விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை நானே வரைந்து வைத்துவிட்டேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

ஏப்ரல் 25, வெள்ளி

போடவில்லை.

கடிதத்தைப் படித்தாள், அழகாக மடித்து என் மேசையிலேயே வைத்தாள்.

"நான் போறேன் மேடம்."

"அதான் எல்லாம் சரி பண்ணியாச்சே! இன்னும் என்ன? சொல்லு, அதையும் பண்றேன்."

"பண்ணிட்டீங்க மேடம், நல்லதுதான். எஸ்தர் அக்காவுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்." மடித்த கடிதத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "ஆனா எனக்கு இப்பவும் இந்த மாடிப்படி ஏறும்போதே வயிறு பிடிக்குது. நீங்க நிமிர்ந்து பார்த்தா, மணி என்னன்னுதான் மொதல்ல தோணுது. பூட்டுப் போட்டது ஆறு வருஷம். ஒரு நாள்ல போயிருமா மேடம்?"

இவ்வளவு நாளில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 28, திங்கள்

விண்ணப்பத்தில் 'கண்காணிப்பாளர் குறிப்பு' என்று நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 'நிர்வாக நலன் கருதிப் பரிந்துரைக்க இயலாது' என்று எழுதினால் போதும். அவளால் ஒரு வருடத்துக்கு அசைய முடியாது. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன், என் பிரிவு வேலை அவள் கைக்கு வரும். அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். காலையிலிருந்து மதியம் வரை அப்படித்தான் நினைத்தேன். ஒரு தாளில் எழுதியும் பார்த்துவிட்டேன்.

யாருடைய நல்லது என்று நானே சிவப்பு மையில் பக்கத்தில் கேட்டுக்கொண்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

நாலு மணிக்கு விண்ணப்பத்தில் எழுதியது இது: 'இவ்விண்ணப்பதாரரும் இதற்கு முன் மாறுதல் பெற்ற நால்வரும் இவ்வலுவலகத்தை விட்டுச் செல்ல விரும்பியதற்குக் காரணம் கண்காணிப்பாளராகிய நான் ஏற்படுத்திய கழிவறைச் சாவி நடைமுறையே. இவரது பணி மிகச் சிறப்பானது. கோரிய இடத்திற்கு மாறுதல் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

அறிக்கையிலும் 'ஏற்கெனவே சிறப்பாக உள்ளவை' என்ற பகுதியிலிருந்து முதல் பத்தியை அடித்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

உதவி இயக்குநருக்கு முகமே மாறிவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், இது உங்க பணிப்பதிவேட்டுல போய் உக்காந்துரும். ரிடையர் ஆக ஒரு வருஷம் இருக்கு. சும்மா 'பரிந்துரைக்கப்படுகிறது'ன்னு மட்டும் எழுதுங்களேன். யாரு கேக்கப் போறா?"

"நாலு பேரு போனப்ப யாரும் கேக்கல சார். அதான் அஞ்சாவது வந்துச்சு."

வேறு படிவம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அப்படியே கையெழுத்திட்டு மதியத் தபாலில் அனுப்பினார். போகும்போது, "இந்த ஆபீஸைச் சரி பண்ணச் சொன்னது நான்தான், இம்புட்டுச் சரி பண்ணச் சொல்லல" என்று முணுமுணுத்தார்.

பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் வந்தேன். வீட்டில் இவரிடம் முழுவதும் சொன்னேன். இவர் வேடிக்கை பேசவில்லை.

மே 23, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. இன்று பிற்பகல் பிருந்தாவை விடுவித்தோம். கேக் வெட்டினார்கள், எஸ்தர் அழுதாள்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் தன் விண்ணப்பத்தின் நகல், உத்தரவோடு சேர்ந்து வந்தது. என் குறிப்பை அவள் இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதைத்தான் எதிர்பார்த்தேன், இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

"இதை எனக்கு முன்னாடியே மண்டல அலுவலகத்துல படிச்சுட்டாங்க மேடம். சார் படிச்சுட்டாரு. தபால் பிரிச்ச ஆளு படிச்சிருப்பாரு." நகலை என் மேசையில் வைத்தாள். "ஃபைலுக்கெல்லாம் சொல்லிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

உண்மைதான். ஒரு மாதமாக எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதி அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்றுதான் இருந்தேன். முப்பத்து மூன்று வருடமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் தீர்ந்திருக்கிறது.

எழுந்து நின்றேன். இளநிலை உதவியாளருக்கு முன்னால் நான் எழுந்து நின்றதில்லை. எஸ்தர், பாண்டியராஜ், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைவு இல்லாமல் ஒரு வாக்கியம் பேசுவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"உன் உடம்பைக் கெடுத்துட்டேன்மா. தப்பு என்னோடது. மன்னிச்சுரு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "உங்க மாத்திரையை ஒழுங்கா போடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் படி இறங்கிய பிறகு நானும் கொஞ்சம் அழுதேன். எஸ்தர் பார்க்காத மாதிரி இருந்தாள். நல்ல பெண்.

ஜூன் 9, திங்கள்

பிருந்தா இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், பெயர் தாமரைச்செல்வி. முதல் வேலையாம். வரைவைப் பார்த்தேன், கடவுளே, வரிக்கு இரண்டு பிழை. என் ஓய்வு வரைக்கும் சிவப்பு மை தீராது. சுற்றறிக்கை வேறு மறுபடி வந்திருக்கிறது, இனிமையாக்கியதை எப்படித் தக்கவைத்துக்கொள்வது தொடர்பாக. எட்டுப் பக்கம்.

பதினொன்றரை மணிக்கு அந்தப் பெண் எஸ்தரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். எஸ்தர் வேலையிலிருந்து நிமிராமலே கையைக் காட்டினாள். அவள் எழுந்து என் மேசையைத் தாண்டிப் போனாள். என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.